காபி குடித்தாரா என்ற கேள்விக்கு நான் எழுதிய ‘இல்லை’

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நலம் என்ற சொல்லை இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதினேன். அது எந்த அளவுக்கு நலம் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன், அதனால் வேலைக்கு நடுவில் நின்றுகொண்டே படிக்காமல், அறைக்குப் போய் உட்கார்ந்து நிதானமாகப் படி. ஞாயிற்றுக்கிழமை போனில் "ஒரு லெட்டர் போடப் போறேன், அது கைக்கு வர்ற வரைக்கும் ராஜினாமாவ குடுத்துடாத" என்று மட்டும் சொன்னேன், நீ "என்னம்மா, சஸ்பென்ஸ் படம் மாதிரி பேசுற" என்று கோபித்துக்கொண்டாய். போனில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. அப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதோடு, நான் ஆரம்பித்ததுமே நீ "சரி விடும்மா, பரவால்ல" என்று சொல்லியிருப்பாய், நானும் தப்பித்தேன் என்று விட்டிருப்பேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அறை ஜன்னல் மழைக்கு உப்பி மூட முடியாமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. சித்தி வாராவாரம் வந்து போகிறாள், வரும்போதெல்லாம் அப்பாவுக்கு எதிரிலேயே "அக்கா, இந்த மனுஷன ஏன் வருஷா வருஷம் அந்த ஸ்கேன் மிஷினுக்குள்ள தள்ளி ரொட்டி சுடுற மாதிரி எடுக்குற" என்று என்னைத் திட்டுகிறாள். அப்பா அவளுக்கு "நல்லா வெந்துட்டேனான்னு பாக்குறாங்க" என்று பதில் சொல்கிறார். போன வாரம் மூன்றாவது மாடி அம்மாள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராமல் கர்புர் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, இரண்டு பிளம்பர்கள் வந்து பார்த்துவிட்டுச் சுவரை உடைக்க வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்கள். அப்பா போய்க் குழாயில் காதை வைத்துக் கேட்டார், "உள்ள காத்து நிக்குதும்மா, அடைப்பு இல்ல" என்றார், மேலே ஒரு மூடியைத் திருகி, கீழே ஒன்றைத் திறந்து, பத்து நிமிஷத்தில் தண்ணீர் கொட்டியது. பிறகு படியிறங்கி வந்தவர் இரண்டாவது மாடியில் நம் வீட்டுக் கதவுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார், எது நம் கதவு என்று தெரியவில்லை. மூன்று கதவும் ஒரே நீல நிறம்தானே. நான் தற்செயலாகக் குப்பை கொட்ட வெளியே வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்து, "தண்ணிக்கு வழி தெரியுது, எனக்குத்தான் தெரியல" என்றார். நானும் சிரித்தேன். மறுநாள் கதவில் மஞ்சள் பெயின்டால் ஒரு பெரிய வட்டம் போட்டுவிட்டேன். பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா சேர்ந்திருக்கும் ஆராய்ச்சியைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும், அவசரத்தில் போனில் சொன்னது. முழுசாகச் சொன்னால்தான் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்குப் புரியும். மறதி நோய் ஆரம்பித்த அறுபது பேரை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரின் மூளையிலும் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று ஸ்கேனில் பார்க்கிறார்கள். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. கழுத்து வழியாக மேலே போகும் ரத்தத்தில் இருக்கிற தண்ணீருக்குக் காந்தத்தால் ஓர் அடையாளம் போடுகிறார்கள், இரண்டு நொடி பொறுக்கிறார்கள், அடையாளம் போட்ட ரத்தம் மூளையில் எங்கெங்கே எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுக்கிறார்கள். அடையாளம் போடாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது ஓட்டம். இதை ஆராய்ச்சி டாக்டர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், எனக்கு இதெல்லாம் ஆசைதான் என்று உனக்குத் தெரியுமே, ஆனால் என்னைவிட முன்னால் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் குடிநீர்த் துறையில் வால்வு திறந்து மூடியவர் இல்லையா. "நாங்க சாயம் கலந்து விடுவோம் டாக்டர், தண்ணி தொட்டியில போட்டுட்டு எந்தத் தெருவுல எத்தன நிமிஷத்துல கலர் வருதுன்னு பாப்போம், வராத தெருவுலதான் கோளாறு. நீங்க கழுத்துல சாயம் போட்டுட்டு தலையில தெருத்தெருவா பாக்குறீங்க, அவ்வளவுதானே" என்றார். டாக்டர் தன் மாணவர்களுக்கு இனிமேல் இப்படியே சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னார். ஸ்கேன் எடுக்கும் தம்பிக்கு அப்பா ‘அசையாதீங்க’ என்று பெயர் வைத்துவிட்டார், ஏனென்றால் அவன் உள்ளே ஒலிபெருக்கியில் சொல்வது அந்த ஒன்றைத்தான். அப்பாவுக்கு அவன் முகமும் நினைவில்லை, போன வருஷம் பார்த்ததும் நினைவில்லை, ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் "ஓ, அசையாதீங்களா" என்கிறார்.

ஸ்கேனுக்கு முதல் நாள் இரவிலிருந்து காபி, டீ, சிகரெட் எதுவும் கூடாது என்று அவர்கள் கொடுத்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. போன வருஷம் சரியாகச் செய்தோம். இந்த வருஷம் அப்பா காலையில் எழுந்ததும் காபி கேட்டார். ஸ்கேன் இருக்கிறது, வந்த பிறகுதான் என்றேன், சரி என்று தலையாட்டினார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். இப்படி எட்டு முறையோ ஒன்பது முறையோ ஆனது, ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறை, எனக்கு மட்டும்தான் ஒன்பதாவது. கடைசியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல், "நான் என்ன தப்பு பண்ணேன், ஏன் எனக்கு மட்டும் குடுக்க மாட்டேங்குற" என்று கேட்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற டெஸ்டுகளைப் போல இதையும் சொல்லியிருப்பார்கள், அரை கப்பில் என்ன ஆகிவிடும், தலைக்குத்தானே ஸ்கேன், வயிற்றுக்கா என்று நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அரை கப் போட்டுக் கொடுத்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்கிற மாதிரி கப்பை உடனே கழுவிக் கவிழ்த்தேன். கப் கண்ணில் படாததால் அவர் குடித்ததையே மறந்து பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்டார், இன்னொரு அரை கப் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் தாளைக் கொடுத்தார்கள், ‘கடந்த பன்னிரண்டு மணி நேரத்தில் காபி குடித்தாரா’ என்ற கேள்விக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை, மற்ற எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று எழுதிய கை அதற்கும் எழுதிவிட்டது.

மூன்று வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். ஒரு படத்தை வைத்து மட்டும் எந்த முடிவும் சொல்ல மாட்டோம் என்று முதலிலேயே சொன்னார், அவர் அப்படித்தான் எப்போதும் சொல்வார். ஆனால் திரையில் போன வருஷப் படமும் இந்த வருஷப் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஓட்டம் நன்றாக இருக்கும் இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். போன வருஷம் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருந்த தலை, இந்த வருஷம் முழுக்கப் பச்சையும் நீலமுமாக இருந்தது. ஒரே வருஷத்தில் கால் பங்கு குறைந்திருக்கிறது என்றார். "இந்த நோய்ல வழக்கமா பின்பக்கம்தான் முதல்ல குறையும், இது எல்லா இடத்துலயும் ஒண்ணு போல குறைஞ்சிருக்கு, எனக்கே புரியல" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "அன்னிக்கு காபி குடிக்கலையே அம்மா, நிச்சயமாத்தானே" என்று கேட்டார். காபி மூளையின் ரத்தக் குழாய்களைக் கொஞ்ச நேரத்துக்குச் சுருக்கிவிடும், அதனால் தீங்கில்லை, ஆனால் படத்தில் ஓட்டம் குறைவாகத் தெரியும், அதனால்தான் வேண்டாம் என்கிறோம் என்றும் சொன்னார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இப்போது உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து அப்பாவை எடுத்துவிடுவார்களோ என்று பயம், கையெழுத்துப் போட்ட தாள் அவர் மேசையிலேயே கிடக்கிறதே என்று வெட்கம். "இல்லை டாக்டர்" என்றேன். தாளில் எழுதியது அசட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இது பொய், தெரிந்தே சொன்ன பொய்.

அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். கால் பங்கு குறைந்துவிட்டது என்று நான் உன்னிடம் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. நீ உடனே "நான் வந்துடறேம்மா, மாசக் கடைசியில ராஜினாமா குடுத்துட்டு வர்றேன், அப்பாவுக்கு என்னைத் தெரியுற வரைக்கும் கூட இருக்கணும்" என்றாய். நீ கட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் வேலை இன்னும் பதினான்கு மாசம் இருக்கிறது, அந்த இடத்துக்கு நீ எத்தனை பரீட்சை எழுதிப் போனாய் என்று எனக்குத் தெரியும், நடுவில் விட்டுவந்தால் அந்த நாற்காலி உனக்காகக் காத்திருக்காது என்பதும் தெரியும். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு மூலையில் நீ வருவது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தச் சந்தோஷம்தான் என்னை இன்னும் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வைத்தது.

பிறகு ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு ஆய்வகம். தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு பெண், முன் வரிசைக்காரி, எப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பவள், வெப்பமானி தொண்ணூற்றேழு காட்டும்போதே நோட்டில் நூறு என்று எழுதிவிட்டாள். நான் பீக்கர்களைக் கழுவிக்கொண்டே பார்த்துவிட்டேன். ஆய்வக உதவியாளர் கண்டிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, ஆனால் எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. "கண்ணு பாத்தத எழுது, புஸ்தகத்துல இருக்கறத எழுதாத" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒரு நம்பர்தானே ஆன்ட்டி, மாத்திப் போட்டா யாருக்கு என்ன ஆகப் போவுது" என்றாள். திமிராகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என் மகள் வேலையை விட்டுவிட்டு வருவாள், அதுதான் ஆகும் என்று வாய் வரைக்கும் வந்தது. கழுவிய பீக்கர்களை அடுக்கிவிட்டு, ஆசிரியரிடம் அரை நாள் விடுப்பு கேட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் மாடியில் தன் அறையில் இருந்தார். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன், எட்டு முறை கேட்டது, கப்பைக் கழுவியது, இரண்டாவது அரை கப், தாள், அப்புறம் முகத்துக்கு நேரே சொன்ன பொய். அவர் கோபப்பட மாட்டார் என்று ஏனோ நினைத்திருந்தேன். பட்டார். "தாள்ல தப்பா எழுதறது எல்லாரும் பண்றது, நான் நேரா கேட்டேனே, அப்ப ஏன் இல்லைன்னீங்க" என்றார். பயத்தில் என்றேன். "உங்க பயத்துக்கு நாங்க அஞ்சு வாரம் மிஷின சந்தேகப்பட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்ன நடந்தது தெரியுமா, அப்பாவின் படம் அப்படி வந்ததால் இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்து, நம் ‘அசையாதீங்க’ தம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, தண்ணீர் நிரப்பிய ஒரு உருண்டையைத் தலைக்குப் பதிலாக உள்ளே வைத்துத் திரும்பத் திரும்பப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறான். அந்த மாசம் ஸ்கேன் எடுத்த இன்னும் ஆறு பேரின் படங்களையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், மூன்று பேரை மறுபடி கூப்பிடுவதாக இருந்தார்கள். வயசானவர்களை, ஒன்றும் தப்பில்லாமல். கீழே போய் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டான். "பரவால்லம்மா, மிஷின் நல்லாத்தான் இருக்குன்னு இப்ப ஊருக்கே தெரியும்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா என் பொண்ணு பிறந்தநாள் அந்த ரெண்டுல ஒரு ஞாயிறு" என்றான். அதை அவன் சொல்லாமல் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், ஆனால் சொன்னதுதான் சரி.

திரும்ப மாடிக்குப் போய், மறுபடி படம் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அட்டவணையில் இடமே இல்லை, தம்பி தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தால் வரும் புதன்கிழமை ஒரு மணிக்கு ஒரே ஒரு தடவை முடியும், அன்றும் தவறிவிட்டால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான் என்றார். தாளில் கேட்கும் பன்னிரண்டு போதாது, போன வருஷம் அப்பா இருந்ததைப் போலவே சரியாகப் பதினாறு மணி நேரம் காபி இல்லாமல் வர வேண்டும் என்றார். தம்பியைக் கேட்டோம். சரி என்றான். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒரே யோசனை, இன்னொரு காலை அவர் அதே குரலில் நான் என்ன தப்பு பண்ணேன் என்று கேட்டால் நான் தாங்குவேனா. காபி டின்னை ஒளித்து வைத்தால் தேடுவார். திட்டினால் அழுவார். எனக்கு மனவுறுதி வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு படுப்பது முட்டாள்தனம், போன தடவையும் அப்படித்தான் நம்பினேன்.

அப்போதுதான் அவருடைய துறையில் ஒரு பழக்கம் இருந்தது ஞாபகம் வந்தது. நீ சின்னவளாக இருந்தபோது பார்த்திருப்பாய், எங்காவது பள்ளம் தோண்டிக் குழாய்க்குள் ஆள் இறங்கி வேலை செய்தால், தண்ணீரை அடைத்த வால்வுச் சக்கரத்தில் ஓர் அட்டையைக் கட்டுவார்கள். வேலை நடக்கிறது, திறக்காதே, கட்டியவர் பெயர், தேதி, கையெழுத்து. அந்த அட்டை தொங்கும் வரை பெரிய அதிகாரியே வந்து சொன்னாலும் யாரும் சக்கரத்தைத் தொட மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அட்டை ஒன்று வெட்டி, பேனாவையும் அவர் கையில் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி, நீங்களே எழுதுங்கள் என்றேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பழைய மாதிரியே சாய்ந்த எழுத்தில், கோடு போட்டது போல எழுதி, தேதிக்கு என்னைக் கேட்டு, கையெழுத்துப் போட்டார். காபி டின்னில் அவரே இரட்டை முடிச்சாகக் கட்டினார்.

புதன்கிழமை காலையில் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டின்னில் கை வைத்தார், அட்டையைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். என்ன வேலை என்று என்னைக் கேட்டார், சொன்னேன். ஏழெட்டு நிமிஷத்தில் மறுபடி வந்தார், மறுபடி அட்டை, மறுபடி கையை எடுத்துவிட்டார். நான்காவது தடவை வேறு மாதிரி யோசித்தார். "கட்டினவன்தானே அவுக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். "கட்டினது நான்தானே, என் கையெழுத்துதானே" என்றார். எனக்குப் பகீர் என்றது, மடக்கிவிட்டாரே மனுஷன் என்று. "அப்ப நான் அவுக்கலாம்" என்று முடிச்சில் விரலை வைத்தார். "வேலை இன்னும் முடியலங்க" என்று மட்டும் சொன்னேன். சட்டென்று விரலை எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனைப் பார்ப்பது போல. "முதல்லயே சொல்றதுக்கென்ன, உள்ள ஆளு இருக்கும்போது அவுக்கச் சொல்றியே" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். நான்தான் அவிழ்க்கச் சொன்னேனாம்! அதற்குப் பிறகு ஒரு மணி வரை அவர் காபி கேட்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இன்னும் ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் அட்டைதான் பதில் சொன்னது. நானும் அன்று குடிக்கவில்லை, பதினொரு மணிக்கு இருவருக்கும் தலைவலி, சோபாவின் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் தம்பியே தன் பிளாஸ்க்கிலிருந்து அப்பாவுக்கு ஊற்றிக் கொடுத்தான்.

முடிவை நேற்று டாக்டர் காட்டினார். கவனமாகப் படி, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். தலை முழுக்க நீலமானது காபியால், அது போய்விட்டது. முன்பக்கமும் பக்கவாட்டின் பெரும்பகுதியும் போன வருஷம் போலவே இருக்கின்றன. ஆனால் பின்பக்கத்தில், இரண்டு பக்கமும், போன வருஷம் மஞ்சளாக இருந்த இடம் இப்போது பச்சையாக இருக்கிறது. சின்ன இடம், என் கட்டைவிரல் அளவு. அது காபி இல்லை. நோய் இருக்கிறது, நகர்கிறது. எவ்வளவு வேகம் என்று கேட்டேன், "இப்போதைக்கு நடந்துதான் போகுது, ஓடல, ஆனா நின்னுடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். அப்பாவும் கூடவே இருந்தார். அந்தப் பச்சை இடத்தை விரலால் தொட்டு, "இந்தத் தெருவுக்கு பிரஷர் குறைவு" என்றார். பிறகு "வேற லைன்ல இருந்து குடுக்க முடியாதா" என்று கேட்டார். அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம் ஐயா என்றார் டாக்டர்.

அதனால், கண்ணு, ராஜினாமா வேண்டாம். நீ எடுத்த முடிவு ஒரு தப்பான அளவை வைத்து எடுத்தது, அந்தத் தப்பு என்னுடையது. உன்னைத் தடுப்பதற்காக நான் இதை இனிப்பாக எழுதவில்லை, அந்தப் பச்சையையும் மறைக்காமல்தான் எழுதியிருக்கிறேன். பாலத்தை முடி. நான் சமாளிப்பேன், மஞ்சள் வட்டம் போல இன்னும் பத்து யோசனை என்னிடம் இருக்கிறது, பதினொன்றாவது தேவைப்பட்டால் அப்பாவே சொல்லிக்கொடுப்பார். வா என்று நான் எழுத வேண்டிய நாள் ஒன்று வரும். அன்று ஒரே வரிதான் எழுதுவேன். அந்த ஒரு வரியை நீ அப்படியே நம்பி வண்டி ஏற வேண்டும் என்றால், இன்றைக்கு நான் உனக்குப் பொய் சொல்லக் கூடாது இல்லையா.

ஒரு வேலை மட்டும் உனக்கு இருக்கிறது, அங்கிருந்தபடியே செய்யலாம். ஆராய்ச்சியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு துணையாட்கள் வேண்டுமாம், அவரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல. ஒன்று நான். நான் செய்ததற்குப் பிறகும் என்னை நீக்கவில்லை, ஆனால் "இன்னொருத்தரும் கண்டிப்பா வேணும், உங்களுக்கு உடம்பு முடியாம போனா, இல்ல மறுபடி" என்று டாக்டர் நிறுத்திவிட்டார், நானே "மறுபடி பயந்துட்டா" என்று முடித்தேன். இரண்டாவது ஆளாக உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஆறு மாசத்துக்கு ஒரு முறை போன் செய்வார்கள், இருபத்திரண்டு கேள்விகள். நீ அவரோடு பேசும்போது எத்தனை முறை ஒரே விஷயத்தைச் சொன்னார், சொல் தேடித் தடுமாறினாரா, உன்னை வேறு யாரோ என்று நினைத்தாரா, இப்படி. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "அவ எப்பவும் என் பக்கம் பேசுறவளாச்சே, என்னைக் காட்டிக் குடுப்பாளா" என்று கேட்டார். குடுப்பாள், அதுக்குத்தானே அவளைப் போடறோம் என்றேன். "அப்ப சரி" என்றார். அதனால் அந்தப் போன் வரும்போது அவர்மேல் உள்ள பாசத்தில் ஒரு பதிலைக்கூடக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடாதே. கேட்டதைச் சொல்லு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. நாற்பது வருஷம் கழித்து யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு அந்தப் பதில் உதவினாலும் உதவும், அப்போது உன் அப்பா பெயர் யாருக்கும் தெரியாது, அது பரவாயில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

நீ நல்ல உடம்போடும் தெளிவான மனதோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்புக் கயிற்றை மாட்டாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதே, உன் மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதே, எடுத்ததும் நான் உங்க மகள் என்று நீயே சொல்லிவிட்டுப் பேச ஆரம்பி, மீதியை அவர் பார்த்துக்கொள்வார். துணையாள் படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இருபதாம் தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். ராஜினாமாவில் போட வைத்திருந்த கையெழுத்தை இதில் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா